பழைய லேப்டாப்புக்கு ஃபால்கன் பிரவுசர்: மலைக்கிராமத்து இணையத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

கோத்தகிரி, குந்தா, கூடலூர் பக்கத்து வீடுகளில் அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய லேப்டாப் கிடப்பது வழக்கம். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ படித்த அக்காவுக்கோ அண்ணனுக்கோ வந்தது. 2 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க். இன்றைக்கு அதைத் திறந்து பிரவுசரைத் தட்டினால் எழுந்து வரவே நேரமாகும், நாலைந்து டேப் சேர்ந்தால் உறைந்து நிற்கும். 'இனி இது எதற்கும் உதவாது' என்று வீட்டில் முடிவுகட்டி விடுகிறார்கள்.

அந்த முடிவு அவசரமானது. தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் பச்சைத் தேயிலை விலை, குன்னூர் ஏலத்தின் நிலவரம், தேர்வு முடிவு, மழை எச்சரிக்கை, பிள்ளைகளின் பாடத்துக்கு விக்கிப்பீடியா. மலையில் ஒரு குடும்பம் இணையத்தில் தேடுவதில் பெரும்பகுதி எழுத்தும் எண்ணும்தான். அவற்றைக் காட்ட 2 ஜிபி ரேம் தாராளமாகப் போதும். அதற்கு மேல் ஏறும் சுமையெல்லாம் விளம்பரம், வேவு பார்க்கும் ஸ்கிரிப்ட், தானாக ஓடும் வீடியோ. எந்தப் பக்கத்துக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிக்கும் உரிமையை நம் கையில் கொடுக்கும் பிரவுசர் இருந்தால் அந்த லேப்டாப் மறுபடி வேலைக்கு வரும். ஃபால்கன் அப்படிப்பட்டது. அதை நிறுவுவதிலிருந்து பராமரிப்பதுவரை இங்கே எழுதுகிறேன்.

ஃபால்கன் எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன இருக்கிறது

செக் நாட்டைச் சேர்ந்த டேவிட் ரோஸ்கா 2010-இல் குப்ஜில்லா என்ற பெயரில் இதைத் தொடங்கினார். 2017-இல் கேடிஇ என்ற திறமூல மென்பொருள் சமூகத்தின் குடைக்குள் வந்து ஃபால்கன் என்று பெயர் மாறியது; அந்தப் பெயரில் முதல் பதிப்பான 3.0, 2018 பிப்ரவரியில் வெளியானது. 2022 ஏப்ரல் முதல் கேடிஇ கியர் என்ற தொகுப்போடு சேர்ந்து வெளியாகிறது. சி++ மொழியில் எழுதப்பட்டது. ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமம் என்பதால் யாரும் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஃபால்கன் பக்கங்களை வரைவது க்யூட் வெப்எஞ்சின் என்ற எஞ்சின் மூலம். அது கூகுள் குரோம் பிரவுசருக்கு அடித்தளமான குரோமியத்தை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே கனமான ஒரு தளத்தை எந்தத் தடையும் இல்லாமல் திறந்தால் குரோமில் தின்னும் அளவு ரேமைத்தான் ஃபால்கனிலும் அது கிட்டத்தட்டத் தின்னும். 'லைட்வெயிட்' என்ற சொல்லை மட்டும் நம்பி நிறுவி, எதையும் மாற்றாமல் பயன்படுத்தி, 'பெரிய வித்தியாசம் இல்லையே' என்று கைவிட்டவர்கள் பலர். ஃபால்கனின் சட்டகம் இலகுவானது, பின்னணியில் தேவையற்ற சேவைகள் ஓடுவதில்லை, விளம்பரத் தடுப்பு கூடவே வருகிறது. மிச்ச வேகம் நாம் மாற்றும் அமைப்புகளில் இருக்கிறது. அதனால்தான் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அமைப்புகளைப் பற்றியது.

லேப்டாப்பைத் தயார்செய்தல்

விண்டோஸில் ஃபால்கனைத் தேடினால் 2019-இல் வெளிவந்த 3.1 பதிப்பு அகப்படும். அதை நிறுவ வேண்டாம். அதனுள் இருக்கும் எஞ்சின் மிகப் பழையது; பாதுகாப்பும் இல்லை, பல தளங்கள் திறக்கவும் திறக்காது. ஃபால்கன் நன்றாக வேலைசெய்யும் இடம், விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய இயங்குதளமான லினக்ஸ்.

எந்த லினக்ஸ் என்பதிலும் கவனம் தேவை. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 என்ற லினக்ஸ் வகையை, எல்எக்ஸ்க்யூடி என்ற இலகுவான டெஸ்க்டாப்போடு போடுவதையே நான் சொல்வேன். காரணம் இரண்டு. எல்எக்ஸ்க்யூடியும் ஃபால்கனும் ஒரே க்யூட் நூலகங்களின் (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் ஆயத்த நிரல்கள்) மேல் கட்டப்பட்டவை. டெஸ்க்டாப் எழுந்தபோதே அந்த நூலகங்களில் பல நினைவகத்துக்கு வந்துவிடுவதால், ஃபால்கனுக்காக இன்னொரு செட் ஏற வேண்டியதில்லை. இரண்டாவது காரணம் எஞ்சினின் வயது. டெபியன் 12-லும், லுபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் 24.04 பதிப்பிலும் கிடைக்கும் ஃபால்கன், க்யூட் 5.15-இன் எஞ்சினை நம்பியிருக்கிறது; அதன் அடிப்படை குரோமியம் 87, அதாவது 2020-ஆம் ஆண்டுச் சரக்கு. டெபியன் 13-இல் இருக்கும் க்யூட் 6.8 குரோமியம் 122-ஐ அடிப்படையாகக் கொண்டது. இன்றைய தளங்கள் உடையாமல் திறக்க இந்த இடைவெளி மிகவும் முக்கியம்.

டெபியன் 13-ஐப் புதிதாக நிறுவ 64 பிட் பிராசசர் வேண்டும். திட்டத்தில் வந்த லேப்டாப்பாக இருந்தாலும் மாடலைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எல்எக்ஸ்க்யூடி கொண்ட டெபியன் லைவ் ஐஎஸ்ஓ கோப்பு சில ஜிபி வரும். ஹட்டியில் (மலைக்கிராமத்தில்) மொபைல் ஹாட்ஸ்பாட்டை வைத்து இறக்க முயன்றால் பாதியில் டவர் போய்விடும். ஊட்டி, குன்னூர் போகும்போது ஃபைபர் இணைப்புள்ள இடத்தில் இறக்கி, பென் டிரைவில் எழுதிக் கொண்டுவருவதே நல்லது. லைவ் என்பதால் நிறுவுவதற்கு முன்பே பென் டிரைவிலிருந்து இயக்கி வைஃபை, டச்பேட், ஒலி எல்லாம் வேலைசெய்கிறதா என்று பார்த்துவிடலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் உள்ள போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் முதலில் வேறெங்காவது எடுத்து வையுங்கள். நிறுவும்போது அது அழிந்துபோகும்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சிறிய எஸ்எஸ்டி போடுங்கள். கீழே சொல்லப்போகும் எந்த மாற்றத்தையும்விட அது அதிக வேகம் தரும்.

நிறுவுதல்

1. மெனுவில் டிஸ்கவர் அல்லது சினாப்டிக் என்ற மென்பொருள் மேலாளரைத் திறந்து, முதலில் பட்டியலைப் புதுப்பியுங்கள்.

2. ஃபால்கன் என்று ஆங்கில எழுத்தில் தேடுங்கள். டிஸ்கவரில் ஒரே பெயர் இரண்டு மூலங்களிலிருந்து வரலாம். டெபியனிலிருந்து வருவதைத் தேர்ந்தெடுங்கள். ஃப்ளாட்ஹப் என்ற வெளி மென்பொருள் கிடங்கைத் தேர்ந்தெடுத்தால் கேடிஇ ரன்டைம் என்ற நூலகத் தொகுப்பு தனியாக இறங்கும். அது பல நூறு எம்பி. நூலகங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஆதாயமும் போய்விடும்.

3. அப்படியே நோட்டோ எழுத்துருத் தொகுப்பையும் நிறுவுங்கள். தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரியும்.

4. ஃபயர்பாக்ஸ் இஎஸ்ஆர் என்ற பிரவுசர் ஏற்கெனவே இருக்கும். அதை நீக்காதீர்கள். அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

முதல் முறை திறந்ததும்

ஸ்பீட் டயல் என்ற தொடக்கப் பக்கம் வரும். அதில் அடிக்கடி போகும் தளங்களைக் கட்டங்களாக வைத்துக்கொள்ளலாம். வீட்டில் பெரியவர்களும் பயன்படுத்துவார்கள் என்றால் ஏலத் தளம், வானிலை, ஒரு செய்தித்தாள், தமிழ் விக்கிப்பீடியா என்று நாலைந்தோடு நிறுத்துங்கள். முகவரி தட்டச்சு செய்யத் தெரியாதவருக்கு அந்தக் கட்டங்கள்தான் இணையம்.

இயல்பான தேடுபொறி டக்டக்கோ. மாற்ற வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு நல்ல வசதி: எந்தத் தளத்தில் தேடல் பெட்டி இருந்தாலும் அதன்மேல் வலது கிளிக் செய்து அதையே ஒரு தேடுபொறியாகச் சேர்க்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவை அப்படிச் சேர்த்து ஓரெழுத்து ஷார்ட்கட் கொடுங்கள். அதன்பின் முகவரிப் பட்டையில் அந்த எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு 'நீலகிரி வரையாடு' என்று அடித்தால் நேராகக் கட்டுரைக்குப் போய்விடும். தேடல் பக்கம் ஒன்று இறங்குவது மிச்சம்.

மெனு பட்டை தெரியவில்லையென்றால் கண்ட்ரோல் விசையோடு எம் அழுத்துங்கள். எடிட் மெனுவில் உள்ள பிரிஃபரன்சஸ் என்பதுதான் இனி நாம் இருக்கப்போகும் இடம்.

கட்டாயம் மாற்ற வேண்டியவை

ஜெனரல் பகுதியில், திறக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு 'ரீஸ்டோர் செஷன்' என்று வையுங்கள். மலையில் மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ஜூன், ஜூலையில் கூடலூர், தேவாலா, பந்தலூர் பக்கம் காற்றும் மழையும். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண்சரிவும் மரம் விழுவதும். பழைய லேப்டாப்பின் பேட்டரி பெரும்பாலும் செத்திருக்கும்; கரண்ட் போன நொடியே கணினி அணையும். ரீஸ்டோர் செஷன் இருந்தால் விட்ட இடத்தில் அதே டேப்களோடு திறக்கும். கூடவே, டேப்பைத் தொடும்வரை அதை ஏற்ற வேண்டாம் என்ற தேர்வையும் டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் எட்டு டேப்பும் ஒரே நேரத்தில் இறங்கத் தொடங்கி, இருக்கிற மெலிந்த இணைப்பையும் அடைத்துவிடும்.

பிரவுசிங் பகுதியில் டிஸ்க் கேஷ் அளவு சிறியதாக இருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் இடம் நிறைய இருக்கிறது, இணைப்புதான் மெதுவு. ஆகவே அதை 200 எம்பி அளவுக்கு உயர்த்துங்கள். ஒருமுறை இறங்கிய படமும் ஸ்டைல் கோப்பும் மறுபடி இறங்காது.

ஃபான்ட்ஸ் பகுதியில் மிகக் குறைந்த எழுத்தளவை 14 ஆக்குங்கள். இந்த லேப்டாப்களின் திரையில் சின்ன எழுத்தில் ஒகர ஓகாரக் கொம்பின் சுழி தெரிவதில்லை. 'கொடு' எது, 'கோடு' எது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.

பாஸ்வேர்ட்ஸ் பகுதியில் சேமிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். வீட்டில் பலர் பயன்படுத்தும் கணினி அது.

விளம்பரத் தடுப்பு

ஆட்பிளாக் கூடவே வருகிறது, ஈஸிலிஸ்ட் பட்டியலோடு. தடுக்கப்பட்ட விளம்பரம் திரையில் மறைக்கப்படுவதோடு நிற்பதில்லை. அந்தக் கோரிக்கையே கணினியை விட்டு வெளியே போவதில்லை. டேட்டா மிச்சம், ரேம் மிச்சம், பக்கம் சீக்கிரம் வரும். ஏதாவது ஒரு தளம் உடைந்து தெரிந்தால் ஆட்பிளாக் ஐகானைத் தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் அணைக்கலாம். உள்ளூர்ச் செய்திகளை எழுதும் சிறிய தளம் ஒன்று விளம்பர வருவாயில் பிழைக்கிறது என்று தெரிந்தால், அதற்கும் அணைத்துவிடுங்கள் என்றே சொல்வேன். அவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டால் நம் ஊரைப் பற்றி எழுத வேறு ஆள் இல்லை.

ஸ்டேட்டஸ்பார் ஐகான்ஸ்: இதற்காகவே ஃபால்கனை நிறுவலாம்

பிரிஃபரன்சஸில் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற பகுதிக்குப் போங்கள். பல நீட்சிகள் ஏற்கெனவே உள்ளே இருக்கும். அதில் ஸ்டேட்டஸ்பார் ஐகான்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். பிறகு வியூ மெனுவில் ஸ்டேட்டஸ் பாரைத் தெரியச் செய்யுங்கள். ஜன்னலின் அடிப்பகுதியில் சில ஐகான்கள் வரும்: படங்களுக்கு ஒன்று, ஜாவாஸ்கிரிப்டுக்கு (பக்கத்துக்குள் ஓடும் நிரல்) ஒன்று, பக்கத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்க ஒன்று.

பட ஐகானைத் தட்டினால் இந்தப் பக்கத்துக்கு மட்டும் படத்தை நிறுத்தலாம், அல்லது எல்லாப் பக்கத்துக்கும் நிறுத்தலாம். ஜாவாஸ்கிரிப்டுக்கும் அப்படியே. கால்வாய்க்கு மதகு எப்படியோ அப்படி இந்த இரண்டும். மற்ற பிரவுசர்களில் இதே வேலையைச் செய்ய அமைப்புகளுக்குள் பல அடுக்கு இறங்க வேண்டும். இங்கே ஒரு கிளிக்.

டவர் ஒரு கோடு காட்டும் நாளில் எல்லாப் பக்கத்துக்கும் படத்தை அணைத்து வையுங்கள். ஏதாவது பக்கத்தில் படம் அவசியம் என்றால் அங்கே மட்டும் திறங்கள். ஜாவாஸ்கிரிப்டை அணைத்தால் செய்தித் தளங்களில் பெரும்பாலானவை நேராகக் கட்டுரையைக் காட்டும். தானாக ஓடும் வீடியோவும், 'அறிவிப்புகளை அனுமதிக்கவா' என்று கேட்கும் பெட்டியும் வராது. சில தளங்கள் வெற்றுத் திரையாக நிற்கும். ஐகானைத் தட்டி ஜாவாஸ்கிரிப்டைத் திறந்து, பக்கத்தை மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும். ஒரு வாரம் பழகினால் எந்தத் தளத்துக்கு எது வேண்டும் என்பது கைக்கு வந்துவிடும்.

இரண்டு புரொஃபைல்

இதையே இன்னும் ஒழுங்காகச் செய்ய ஒரு வழி உண்டு. ஜெனரல் பகுதியிலேயே புரொஃபைல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனி அமைப்பு, தனி புக்மார்க், தனி குக்கி (தளங்கள் கணினியில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு). இரண்டு உருவாக்குங்கள்.

முதலாவது வாசிப்புக்கு: ஜாவாஸ்கிரிப்ட் அணைந்தது, ஆட்பிளாக் எரிவது, படம் உங்கள் விருப்பம். செய்தி, விக்கிப்பீடியா, விலை நிலவரம், வலைப்பூக்கள் எல்லாம் இதில்.

இரண்டாவது படிவங்களுக்கு: ஜாவாஸ்கிரிப்ட் எரிவது. தேர்வு முடிவு, பஸ் முன்பதிவு நேரம் பார்ப்பது, வரைபடம் போன்றவை இதில். 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது. சமவெளியிலிருந்து வரும் உறவினருக்கு அதை எடுத்துக்கொடுக்கும் வேலை பல வீடுகளில் இளையவர்கள் தலையில்தான் விழுகிறது. இப்படிப்பட்ட படிவப் பக்கங்களை ஜாவாஸ்கிரிப்ட் அணைத்த நிலையில் திறந்து, பட்டன் வேலைசெய்யவில்லையே என்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

புரொஃபைலை மாற்ற ஒவ்வொரு முறையும் அமைப்புக்குள் போகத் தேவையில்லை. டெஸ்க்டாப்பில் இரண்டு ஷார்ட்கட் செய்துகொள்ளுங்கள். அவற்றின் கட்டளை வரியில் ஃபால்கன் என்ற சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி, இரண்டு சிறுகோடு, புரொஃபைல் என்ற சொல், சமக்குறி, நீங்கள் வைத்த பெயர் ஆகியவை ஆங்கில எழுத்தில் வர வேண்டும். இரண்டு சிறுகோட்டிலிருந்து பெயர்வரை நடுவில் இடைவெளி கூடாது. ஒன்றை மூடிவிட்டு மற்றதைத் திறங்கள். 2 ஜிபி ரேமில் இரண்டையும் ஒன்றாக ஓட்டுவது, செய்த வேலையை நாமே கெடுப்பது.

தமிழில் தட்டச்சு

பக்கங்களில் தமிழ் எழுத்துகள் சரியாகவே வரும். தட்டச்சுக்கு ஐபஸ் மென்பொருளையும் அதன் எம்17என் தொகுப்பையும் நிறுவி, தமிழ்99 அல்லது ஒலிபெயர்ப்பு முறையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை வெளியேறி மறுபடி உள்நுழைந்தால் முகவரிப் பட்டையிலும் தேடல் பெட்டிகளிலும் தமிழில் அடிக்கலாம். பிள்ளைகளுக்குத் தமிழ்99 பழக்குங்கள். கொஞ்ச நாள் சிரமப்படுவார்கள், ஆனால் வாழ்நாள் முழுக்கக் கூட வரும் வேகம் அது.

டவர் போனபின்பும் படிக்க

மழை வலுக்கும் முன் தேவையான பக்கங்களைச் சேமித்து வைக்கும் பழக்கம் மலையில் நல்லது. கண்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்தினால் பக்கம் முழுவதையும் சேமிக்கலாம். பிரிண்ட் என்று கொடுத்து, பிரிண்டருக்குப் பதில் பிடிஎஃப் கோப்பைத் தேர்ந்தெடுத்தால் செல்போனுக்கும் அனுப்ப வசதியாக இருக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வேண்டிய பாடக் கட்டுரைகளை இப்படி ஒரு ஃபோல்டரில் சேர்த்துவிட்டால், இரண்டு நாள் இணையம் இல்லாவிட்டாலும் படிப்பு நிற்காது.

ஃபைல் மெனுவில் செஷன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. திறந்திருக்கும் டேப்களைப் பெயர் வைத்துச் சேமித்து, பிறகு மொத்தமாகத் திறக்கலாம். தேயிலை வேலைக்கு ஒன்று, படிப்புக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் டேப் குவியாது.

ஃபால்கனில் செய்யக் கூடாதவை

பணம் சம்பந்தப்பட்ட எதையும் ஃபால்கனில் செய்யாதீர்கள். க்யூட் வெப்எஞ்சின் போன்ற எஞ்சின்களுக்கு டெபியன் முழுமையான பாதுகாப்பு ஆதரவு தருவதில்லை. பொதுவான இணையப் பயன்பாட்டுக்கு ஃபயர்பாக்ஸ் அல்லது குரோமியத்தையே அது பரிந்துரைக்கிறது. ஆகவே வங்கி, யுபிஐ, ஆதார், பட்டா விண்ணப்பம், மின்னஞ்சல் எல்லாம் ஃபயர்பாக்ஸ் இஎஸ்ஆரில். அதைத் திறக்கும் முன் ஃபால்கனை மூடிவிடுங்கள், வேலை முடிந்ததும் ஃபயர்பாக்ஸை மூடுங்கள். அறிமுகமில்லாத தளம், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிங்க், இவற்றையும் ஃபால்கனின் படிவப் புரொஃபைலில் திறக்கக் கூடாது. ஜாவாஸ்கிரிப்டை அணைத்து வைத்திருப்பது இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கும், ஆனால் ஒழித்துவிடாது.

ஓடிடி தளங்களின் படங்கள் ஃபால்கனில் ஓடாது. அதற்குத் தேவையான பூட்டுத் திறக்கும் மென்பொருள் அதனுடன் வருவதில்லை. கூகுள் கணக்கில் நுழைய முயன்றால் 'இந்த பிரவுசர் பாதுகாப்பானதாக இல்லாமல் இருக்கலாம்' என்று சில சமயம் மறுக்கும். அதைச் சுற்றிப்போக வழி தேடி நேரம் செலவழிக்க வேண்டாம்.

ரேம் 1 ஜிபிதான் என்றால் நெட்சர்ஃப் என்ற இன்னொரு திறமூல பிரவுசரைப் பாருங்கள். 2002-இல் ரிஸ்க் ஓஎஸ்ஸுக்காகத் தொடங்கப்பட்டது. சொந்த எஞ்சின், சி மொழியில் எழுதப்பட்டது, மிக மிகச் சிறியது. ஜாவாஸ்கிரிப்ட் ஆதரவு குறைவு என்பதால் பல படிவங்கள் நடக்காது. வாசிப்புக்கு மட்டும்.

புதுப்பித்தலும் காப்பு நகலும்

ஃபால்கனைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டியதில்லை. டெபியன் புதுப்பிப்புகளோடு வரும். நல்ல இணைப்பு கிடைக்கும் இடத்துக்கு லேப்டாப்பை எடுத்துப் போகும் ஒவ்வொரு முறையும் மென்பொருள் மேலாளரில் புதுப்பிப்புகளை ஓட்டுங்கள். ஃபயர்பாக்ஸும் அதிலேயே புதுப்பிக்கப்படும். பணவேலை நடக்கும் இடம் அது என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த அமைப்புகள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன. ஃபைல் மேனேஜரில் ஹோம் ஃபோல்டரைத் திறந்து கண்ட்ரோலும் எச்சும் அழுத்தினால் மறைந்துள்ளவை தெரியும். புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் என்ற ஃபோல்டர், அதற்குள் ஃபால்கன், அதற்குள் புரொஃபைல்ஸ். ஃபால்கனை மூடிவிட்டு அந்த ஃபால்கன் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டிலும் அலமாரியில் ஒரு லேப்டாப் கிடக்கிறதென்றால், அதில் டெபியனையும் ஃபால்கனையும் நிறுவியபின் ஹிஸ்டரியையும் குக்கிகளையும் அழித்த ஒரு நகலை அதே இடத்தில் ஒட்டினால் போதும். ஆட்பிளாக், ஐகான்கள், இரண்டு புரொஃபைல், ஸ்பீட் டயல் எல்லாம் அங்கேயும் தயாராக இருக்கும்.